பாறையேறப் புதிதாக வருகிறவர் முதலில் எந்தச் சொற்களைக் கற்க வேண்டும்?

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பெட்டாலிங் ஜெயாவில் உள்ளரங்கச் சுவரில் நாலைந்து தடவை ஏறியிருக்கிறாய். சுற்றி நிற்பவர்கள் "டேக்", "ஸ்லேக்", "பீட்டா", "கிரக்ஸ்" என்று பேசுவதில் பாதி புரியவில்லை, கேட்கவும் கூச்சம். வருகிற சனிக்கிழமை நண்பர்கள் பத்துமலைப் பாறைக்குக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களை அகர வரிசையில் தர முடியுமா என்று கேட்டாய்.

அகர வரிசை வேண்டாம். இந்த விளையாட்டின் சொற்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. "கிரிம்ப்" என்பதைப் "பிஞ்ச்" என்று மாற்றிச் சொன்னால் யாராவது திருத்துவார்கள், அவ்வளவுதான். ஆனால் ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன, அவற்றில் குழப்பம் வந்தால் ஆள் விழுவார். அவற்றைச் சனிக்கிழமைக்கு முன்னால் கற்றுக்கொள். மற்றவை ஏற ஏற வந்துவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நான் ஏறத் தொடங்கிய இரண்டாம் வருடம், பத்துமலையில், ஏறக்குறைய இருபது மீட்டர் உயரமுள்ள ஒரு வழி. உச்சியில் இருக்கும் சங்கிலியில் கயிற்றை மாட்டிவிட்டு, கீழே கயிறு பிடித்திருந்த தோழியிடம் "சரி!" என்று கத்தினேன். "மாட்டியாச்சு, இனி இறக்கு" என்பது என் மனதில் இருந்தது. "நான் பத்திரமாக இருக்கிறேன், நீ விட்டுவிடலாம்" என்று அவள் எடுத்துக்கொண்டாள். கயிற்றை, அதைப் பிடித்து நிறுத்தும் கருவியிலிருந்து கழற்றிவிட்டாள். பின்னால் சாய்ந்து உட்காருவதற்கு முன், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அது தன்பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனதற்கு அந்த ஒரு இழுப்புதான் காரணம்.

சம்மதம், முடிந்தது, புரிந்தது, ஆரம்பிக்கலாம், போதும் எல்லாவற்றுக்கும் நாம் "சரி" என்போம். பக்கத்தில் நின்று பேசும்போது முகத்தைப் பார்த்துப் பொருள் பிடித்துக்கொள்ளலாம். இருபது மீட்டர் கீழே நிற்பவருக்கு முகம் தெரியாது. "ஓகே"யும் இப்படித்தான். பாறையில் இந்த இரண்டு சொற்களையும் நான் அதோடு விட்டுவிட்டேன்.

சரியான சொற்களுக்கு வருவோம். அடிப்படையானது "பிலே". ஏறுபவர் விழுந்தால் தாங்கும்படி கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கட்டுப்படுத்துவதுதான் பிலே, பிடிப்பவர் பிலேயர். கப்பல்காரர்கள் கயிற்றை முளையில் சுற்றிக் கட்டுவதற்குச் சொன்ன சொல்லிலிருந்து வந்தது இது. பிலேயரின் இடுப்பில் ஹார்னஸ் என்ற வார்க்கட்டு, அதில் பிலே கருவி, அதன் வழியாகக் கயிறு. கருவிக்கு அந்தப்பக்கம் ஏறுபவரிடம் போகாமல் தொங்கும் முனையைப் பிடித்திருக்கும் கைதான் "பிரேக் கை". அந்தக் கை கயிற்றை விடவே கூடாது. கொசு கடித்தாலும், கைப்பேசி அடித்தாலும் விடக்கூடாது.

கருவிகளில் இரண்டு வகையை அதிகம் பார்ப்பாய். ஒன்று குழாய் போன்றது. ஒரு நிறுவனம் தன் கருவிக்கு வைத்த "ஏடிசி" என்ற பெயரே பலர் வாயில் அந்த வகைக்கெல்லாம் பெயராகிவிட்டது. மற்றது "கிரிகிரி", பெட்சல் நிறுவனம் 1991இல் கொண்டுவந்தது. கயிறு வேகமாக ஓடினால் உள்ளே இருக்கும் கேம் என்ற உருளை திரும்பிக் கயிற்றை நெருக்கிப் பிடிக்கும். இதைப் பார்த்துவிட்டு "தானாகப் பிடிக்கும், கையை விடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது கைக்கு உதவி செய்யும், கைக்கு மாற்று அல்ல.

இனி கூப்பிடும் சொற்கள். ஏறுமுன் "ஆன் பிலே?" என்று கேட்கிறாய். பிலேயர் எல்லாம் சரிபார்த்துவிட்டு "பிலே ஆன்" என்கிறார். "கிளைம்பிங்" என்கிறாய், "கிளைம்ப் ஆன்" என்று பதில் வந்த பிறகுதான் காலைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். நடுவில் கயிறு இறுக்கமாக இருந்து இழுத்தால் "ஸ்லேக்", கொஞ்சம் தளர்த்து என்று பொருள். களைத்துப் போய்க் கயிற்றில் தொங்க வேண்டுமென்றால் "டேக்", இறுக்கிப் பிடி என்று பொருள். முடித்துவிட்டால் "லோவர்", இறக்கு. விழப்போவது தெரிந்தால் "ஃபாலிங்". கல்லோ, கையிலிருந்த பொருளோ கீழே போனால், எதுவாக இருந்தாலும் "ராக்!" என்று கத்து. அந்தச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காதே, சுவரோடு ஒட்டிக்கொள்.

"டேக்", "ஸ்லேக்" இரண்டும் நம் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும், பொருளோ நேரெதிர். சிலர் "டேக் அப் த ஸ்லேக்" என்று முழு வாக்கியமாகச் சொல்வார்கள். தளர்ந்திருப்பதை இழுத்துக்கொள் என்பது பொருள், ஆனால் காற்றில் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தால் பிலேயர் இன்னும் தளர்த்துவார். அதனால் ஒற்றைச் சொல் போதும். அதோடு பெயரையும் சேர்த்துக் கூப்பிடு. வார இறுதியில் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் நாலு குழு ஏறும், யாரோ ஒருவரின் "லோவர்" கேட்டு உன் பிலேயர் உன்னை இறக்கிவிடக் கூடாது.

"பிலே ஆஃப்" என்ற சொல்லைத் தனியாக எழுதுகிறேன். நான் என்னைப் பாறையில் கட்டிக்கொண்டேன், நீ கயிற்றைக் கழற்றலாம் என்பது இதன் பொருள். புதியவருக்கு இந்தச் சொல் தேவையே படாது. உச்சிக்குப் போய் இறங்கி வருவது மட்டும்தான் உன் வேலை. ஆகவே சனிக்கிழமை இதைச் சொல்லாதே, உன் பிலேயரும் இதை எதிர்பார்க்கக் கூடாது.

இருவரும் தமிழர்தானே, "இழு", "விடு", "இறக்கு" என்று தமிழிலேயே கூப்பிடலாமே என்று கேட்பாய். ஆசைதான். ஆனால் பத்துமலை அடிவாரத்தில் மலாய்க்காரர், சீனர், நம்மவர், வெளிநாட்டுக்காரர் எல்லாரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் கயிறு பிடிக்கிறோம். காலையில் உனக்குப் பிடித்தவர் மத்தியானம் வேறொருவருக்குப் பிடிப்பார். அதிலும் "விடு" என்ற சொல்லை மேலிருந்து கேட்டால் என்ன செய்வது, தளர்த்துவதா, கையை எடுப்பதா? எல்லாருக்கும் பொதுவான சொல்லே நல்லது என்பது என் முடிவு.

ஏறுமுன் ஒருவரை ஒருவர் தொட்டுச் சரிபார்ப்பதை "பார்ட்னர் செக்" என்பார்கள். ஹார்னஸ் வார் இறுகியிருக்கிறதா, எட்டு முடிச்சு முழுதாகப் பின்னிவந்து முடிந்திருக்கிறதா, கேரபினரின் (திறந்து மூடும் வாயில் உள்ள உலோக வளையம்) திருகு பூட்டியிருக்கிறதா, கருவியில் கயிறு சரியான பக்கம் போகிறதா. எட்டு முடிச்சு என்றால் எட்டு முடிச்சுகள் அல்ல, 8 வடிவத்தில் போட்டு, அதன் மேலேயே திரும்பவும் பின்னி வருவது. பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்து, முடிச்சை முடிக்காமல் ஏறிப்போனவர்கள் உலகத்தரம் வாய்ந்த வீரர்களிலும் உண்டு. உள்ளரங்கில் தானியங்கி "ஆட்டோ பிலே" இருக்கும். அதில் நடக்கும் விபத்துக்குப் பெரும்பாலும் இயந்திரம் காரணமாக இருப்பதில்லை, கொக்கியை மாட்ட மறப்பதுதான்.

அதோடு "ஸ்டாப்பர் முடிச்சு". கயிற்றின் மறுமுனையில், பிலேயர் பக்கம், போடும் முடிச்சு இது. உள்ளரங்கில் யாரும் பேசமாட்டார்கள், வெளியே இது உயிர். கணக்குப் போட்டுப் பார்: கயிறு 60 மீட்டர், வழியின் உயரம் 32 மீட்டர். ஏறிப்போய் இறங்கிவரக் கயிறு இரண்டு மடங்கு வேண்டும், 64 மீட்டர். நீ தரைக்கு இன்னும் 4 மீட்டர் இருக்கும்போது மறுமுனை கருவி வழியாக நழுவிப் போய்விடும். ஒரு முடிச்சு இருந்தால் அது கருவியில் முட்டி நிற்கும்.

ஏறும் முறைகள் மூன்றை மட்டும் பிரித்துக்கொள். "போல்டரிங்" கயிறு இல்லாமல் நாலு மீட்டர் அளவுக்குள் ஏறுவது, கீழே தடித்த மெத்தை. "டாப் ரோப்" கயிறு முன்பே உச்சி வழியாகப் போய்த் திரும்பியிருப்பது. எங்கே விழுந்தாலும் கொஞ்சம்தான் இறங்குவாய். சனிக்கிழமை உனக்கு இதுதான். "லீட்" என்பது கயிற்றை நீயே மேலே கொண்டுபோவது. பாறையில் துளைபோட்டு இறுக்கிய "போல்ட்", அதன் தலையில் "ஹேங்கர்" என்ற ஓட்டைத் தகடு. அதில் "குயிக்டிரா" மாட்டுவாய். ஒரு நாடாவின் இரு முனையிலும் இரண்டு கேரபினர் வைத்ததுதான் குயிக்டிரா. மேல் கேரபினர் தகட்டில், கீழ் கேரபினரில் உன் கயிறு. கயிறு மாட்டுவதைக் "கிளிப்" என்பார்கள்.

லீட் ஏறாவிட்டாலும் அதன் சொற்களை இப்போதே தெரிந்துகொள், நண்பர்கள் ஏறுவதைப் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடும். கயிறு பாறைப் பக்கமிருந்து வந்து கேரபினர் வழியாக உன்னை நோக்கி வெளியே வர வேண்டும். அது தலைகீழாகப் போனால் "பேக் கிளிப்". விழும்போது கயிறு கேரபினரின் வாயிலில் மடங்கி, அதைத் திறந்துகொண்டு வெளியேறிவிடக்கூடும். முந்தைய குயிக்டிராவுக்குக் கீழே இருக்கும் கயிற்றை எடுத்து மேல் குயிக்டிராவில் மாட்டிவிட்டால் "இசட் கிளிப்", கயிறு அசையவே அசையாது. அப்புறம், கயிறு காலுக்குப் பின்னால் சுற்றியிருக்கும்போது விழுந்தால் ஆள் தலைகீழாகப் புரண்டு தலை பாறையில் மோதும். கால் எப்போதும் கயிற்றுக்கும் பாறைக்கும் நடுவே சிக்காமல் இருக்க வேண்டும். கடைசி போல்ட்டுக்கு 2 மீட்டர் மேலே விழுந்தால், அதைத் தாண்டி இன்னும் 2 மீட்டர் கீழே போவாய். ஆக 4 மீட்டர், கயிற்றின் தளர்வும் நீட்சியும் அதற்கு மேல்.

கயிறு நீள்கிறது என்பது குறை அல்ல. ஏறும் கயிறு "டைனமிக்", விழும் ஆளின் வேகத்தை ரப்பர் மாதிரி நீண்டு உள்வாங்கும். மீட்புப் பணியிலும் சுமை இழுப்பதிலும் பயன்படும் "ஸ்டேட்டிக்" கயிறு அதிகம் நீளாது, அதில் லீட் ஏறி விழுந்தால் உடம்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காது. கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏதோ ஒரு கயிறு வாங்கிவிடாதே. கேரபினரின் முதுகில் 24, 8, 7 போன்ற எண்களைப் பார்த்திருப்பாய். நீளவாக்கில், குறுக்குவாக்கில், வாயில் திறந்த நிலையில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்ற கணக்கு அது. 1 கிலோநியூட்டன் என்பது கிட்டத்தட்ட 100 கிலோ எடை. நீளவாக்கில் ஏறத்தாழ இரண்டு மைவி காரின் எடையைத் தாங்கும் அதே கேரபினர் குறுக்கே திரும்பினால் மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும். பூட்டு ஏன், திசை ஏன் என்பது இந்த எண்களைப் பார்த்தபின்தான் எனக்கு உறைத்தது.

உயிர் தொங்கும் சொற்கள் அவ்வளவுதான். இனிமேல் வருவதை நிதானமாகப் படி.

பாறையின் சாய்வுக்கு நாலு பெயர். நேர்நிலையைவிடப் படுத்த மாதிரி இருந்தால் "ஸ்லேப்", செங்குத்து, தலைக்கு மேல் கவிந்தால் "ஓவர்ஹேங்", முழுக்கக் கூரை மாதிரி இருந்தால் "ரூஃப்". பத்துமலை சுண்ணாம்புக்கல். கோயில் கூட்டத்திலிருந்து விலகி மலையைச் சுற்றிப் போனால் டாமாய், ஞாமுக் என்றெல்லாம் பெயருள்ள சுவர்கள் வரும். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து மறுபடி படியவிட்டதால் சுவரோடு ஒட்டிய தூண்கள், விழுதுகள் எல்லாம் உண்டாகியிருக்கின்றன. சுவரில் புடைத்து ஓடும் தூணுக்கு "டஃபா" என்று பெயர், இரண்டு கையாலும் அணைத்தும் முழங்காலால் நெருக்கியும் ஏறலாம். மேலிருந்து மெலிதாகத் தொங்கும் விழுதுகளைப் பிடிக்காதே. அவை உருவாக எத்தனையோ தலைமுறைக் காலம் ஆகும், உன் எடையில் ஒரு நொடியில் உடைந்துபோகும், கீழே நிற்பவர் தலையில் விழும். நிறையப் பேர் ஏறிய வழிகளில் கால்வைக்கும் இடம் பழைய கோயில் வாசற்படி போல வழவழவென்று ஆகியிருக்கும். அதைப் "பாலிஷ்" என்பார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது இன்னும் வழுக்கும்.

கைப்பிடிகளில், விரல் முழுதும் உள்ளே போய்க் கொக்கிபோலப் பிடிக்கும் பெரிய பிடி "ஜக்". அதைக் கண்டால் மூச்சு விடு, கையை உதறு. விரல்நுனி மட்டும் நிற்கும் மெல்லிய விளிம்பு "கிரிம்ப்". உருண்டையாக, பிடிக்க விளிம்பே இல்லாமல் உள்ளங்கை உராய்வில் மட்டும் நிற்பது "ஸ்லோப்பர்", தர்பூசணியைத் தலைகீழாகப் பிடிப்பது மாதிரி. கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் எதிரெதிரே வைத்து நெருக்குவது "பிஞ்ச்". ஒன்றிரண்டு விரல் மட்டும் போகும் ஓட்டை "பாக்கெட்". புதியவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: முதல் வருடம் கிரிம்ப்பில் முழுப் பலத்தையும் போடாதே. தசை சில மாதத்தில் தேறிவிடும், விரலின் தசைநாண்களை எலும்போடு பிடித்திருக்கும் "புல்லி" என்ற நார்கள் தேற ரொம்ப நாளாகும். அந்தச் சொல்லை நீ காயத்தின் பெயராகக் கேட்க வேண்டாம்.

கால்களைப் பற்றிச் சொற்கள் குறைவு, ஆனால் வேலை அங்கேதான். என் தாத்தா தோட்டத்தில் தென்னையேறிக் கள் இறக்கியவர். காலில் தளை மாட்டிக்கொண்டு, கையால் மரத்தை அணைத்து, காலால் உந்தி உந்திப் போவாராம். கை உடம்பை மரத்தோடு வைத்திருக்கும், கால்தான் மேலே தூக்கும். பாறையிலும் அதே கதை. சிறு விளிம்பில் சப்பாத்தின் ஓரத்தை வைத்து நிற்பது "எட்ஜிங்". விளிம்பே இல்லாத இடத்தில் ரப்பர் அடிப்பகுதியை அழுத்தி உராய்வில் நிற்பது "ஸ்மியர்". இதில் குதிகாலைத் தாழ்த்தினால்தான் ரப்பர் அதிகம் ஒட்டும், பயத்தில் எல்லாரும் உயர்த்துவார்கள். குதிகாலைப் பிடியின் மேல் வைத்து இழுப்பது "ஹீல் ஹுக்". ஒரு காலைக் காற்றில் நீட்டிச் சமநிலை தேடுவது "ஃபிளேக்". அந்தச் சமநிலை போய், ஒரு பக்கத்துக் கையும் காலும் மட்டும் ஒட்டியிருக்க உடம்பு கதவு மாதிரித் திறந்துகொண்டு போனால் "பார்ன் டோர்". இரண்டு கையையும் விட்டுத் தாவிப் பிடிப்பது "டைனோ". முன்கை இறுகிக் கல்லாகி விரல் மூடாமல் போவது "பம்ப்". அடுத்த வாரம் இந்தச் சொல்லுக்கு உனக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒரு வழியில் மிகக் கடினமான இடம் "கிரக்ஸ்". அதை எப்படித் தாண்டுவது, எந்தக் கை, எந்தக் கால் என்ற தகவல் "பீட்டா". அமெரிக்க ஏற்றக்காரர் ஜாக் மிலெஸ்கி, பழைய பீட்டாமேக்ஸ் வீடியோ நாடாவை வைத்து இந்தப் பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். இதில் ஒரு மரியாதை உண்டு: கேட்காதவருக்குப் பீட்டா சொல்லக் கூடாது. ஒருவர் தானாகக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியைத் தட்டிப் பறிப்பதற்குச் சமம் அது. ஏன் என்றால், பீட்டா எதுவும் இல்லாமல் முதல் முயற்சியிலேயே விழாமல் முடிப்பதற்கு "ஆன்சைட்" என்று பெயர், அந்த வாய்ப்பு ஒரு வழிக்கு ஆயுளில் ஒரே தடவைதான். பீட்டா கேட்டுவிட்டு முதல் முயற்சியில் முடித்தால் "ஃபிளாஷ்". பலமுறை விழுந்து பழகி, கடைசியில் ஒருமுறை விழாமலும் கயிற்றில் தொங்காமலும் லீட் முடித்தால் "ரெட்பாயின்ட்". ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் குர்ட் ஆல்பர்ட், 1975 வாக்கில், இப்படி முடித்த வழிகளின் அடியில் சிவப்புப் பொட்டு வைத்தார். பெயர் அங்கிருந்து வந்தது. நெற்றியில் வைப்பது போலப் பாறைக்குப் பொட்டு வைத்த அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடின அளவு "கிரேடு". பத்துமலையில் பிரெஞ்சு முறையைப் பார்ப்பாய்: 5, 6ஏ, 6ஏ பிளஸ், 6பி, 6சி, 7ஏ என்று ஏறிப்போகும். உலகில் 9சி என்று முதலில் கிரேடு கொடுக்கப்பட்ட வழி, நார்வேயில் 2017இல் ஆடம் ஒண்ட்ரா முடித்தது. போல்டரிங்குக்கு அமெரிக்காவின் வி முறை, வி0 தொடங்கி வி17 வரை. கிரேடு கடினத்தைச் சொல்லும், ஆபத்தைச் சொல்லாது. முதல் போல்ட் உயரத்தில் இருக்கும் ஒரு 5, நெருக்கமாகப் போல்ட் போட்ட ஒரு 6பியைவிட ஆபத்தாக இருக்கலாம். உள்ளரங்கில் 6ஏ ஏறியவர் வெளியே 5இல் தடுமாறுவதும் சாதாரணம், ஏனென்றால் வண்ணப் பிடிகள் அங்கே வழி காட்டாது, நீயே தேட வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும் வேகப் போட்டி வேறு உலகம்: 15 மீட்டர் சுவர், எப்போதும் ஒரே பிடி அமைப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ அதை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை இரவே உன் நண்பர்களை அழைத்து மூன்று விஷயம் கேள்: கயிறு எத்தனை மீட்டர், ஏறப் போகும் வழி எத்தனை மீட்டர், சங்கிலிக்குப் போனதும் என்ன சொல்லப் போகிறோம். தலைக்கவசம் இல்லையென்றால் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள், கீழே நிற்கும்போதும் கழற்றாதே. ஞாமுக் என்றால் மலாயில் கொசு, பெயர் சும்மா வைக்கவில்லை. ஏறும் முன்பே மருந்து தடவிக்கொள். பிலே பிடிக்கும்போது சொறிய உனக்குக் கை இருக்காது.